நான்கு கோட்டுக் கட்டடம்

"கட்டடத்துக்குக் கதவு எந்தப் பக்கம்?" என்று பல் மருத்துவர் கேட்டார்.

கோட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டடம் எதுவும் கண்ணில் படவில்லை. ஈரம் காயாத புல் இருந்தது. புல்லின்மேல், அன்று விடியற்காலையில் அவரே தம் கையால் இட்ட நான்கு வெள்ளைக் கோடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றன் ஓரத்தில், கட்டைவிரலும் பட்டுவிடாதபடி காலை உள்ளிழுத்துக்கொண்டு, நடைப்பயிற்சிச் சங்கத் தலைவராகிய பல் மருத்துவர் நின்றார். அவருக்குப் பின்னால் சங்கத்தார் பதினேழு பேர், மருந்துக் கடையில் நிற்பதுபோல வரிசையாக நின்றனர்.

"எந்தக் கட்டடத்துக்கு, டாக்டர்?"

"இதோ, இதுக்குத்தான். நடைபாதைய மறிச்சுக்கிட்டுக் குறுக்க நிக்குதே, தெரியலையா?"

"இது வெறும் கோடுதானே டாக்டர்! தாண்டிப் போங்க."

"சுவரைத் தாண்டிப் போகச் சொல்றீங்களா? எனக்கு வயசு அறுபத்திரண்டு!"

பின்னால் நின்ற பதினேழு பேரும் "அதானே!" என்றனர்.

இவ்விடத்தில், குற்றம் முழுவதும் கோட்டுக்காரருடையதே என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பொது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வருபவர் அவர் ஒருவரே. ஒற்றைச் சக்கர வண்டி ஒன்று, கயிற்றுப் பந்து ஒன்று, இரும்பு முளைகள் நான்கு. இவையே அவருடைய அரசாங்கம். கோட்டை மிதித்தவன் அன்று முழுவதும் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கலாகாது என்பது அவ்வரசாங்கத்தின் ஒரே சட்டம். ஒருமுறை பரிசளிக்க வந்த பெரிய மனிதர் ஒருவரையே, "ஐயா, கால்!" என்று ஒலிபெருக்கியில் அதட்டி, ஈரக் கோடு காயும்வரை ஒற்றைக் காலில் நிறுத்தி வைத்தவர் அவர். அன்றுமுதல் அங்கே கோடு என்றால் கோடுதான். குழந்தைகள் தாண்டுவதில்லை, நாய்களும் யோசித்துவிட்டே தாண்டும். வளர்த்த கடா இன்று மார்பிலே பாய்ந்திருந்தது.

முந்திய நாள்தான் நகராட்சிப் பொறியாளரிடமிருந்து இரண்டு தாள்கள் வந்திருந்தன. முதல் தாளின் தலைப்பில், மைதானத்தில் புதிய விளையாட்டுக் கூடம் கட்டும் பணி அடுத்த திங்கட்கிழமை தொடங்கும் என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே வரைபடம். வரைபடத்தில் நீண்ட கட்டம் ஒன்று. நீளம் நூற்றிருபது மீட்டர், அகலம் பன்னிரண்டு. அதை அளவு பிசகாமல் தரையில் போட்டுக் காட்ட வேண்டுமாம். மைதானத்தைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஒருமனப்பட்டுக் கையெழுத்திட்டுக் கேட்டால், கட்டத்தின் இடத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம் என்றும், சனிக்கிழமை நண்பகலுக்குப் பின்னர் ஒரு விரற்கடையும் மாறாது என்றும் இரண்டாம் தாள் கூறியது.

கோட்டுக்காரர் அளவைப் படித்தார், கோட்டைப் போட்டார். எதற்குக் கோடு என்று எவரையும் கேட்கும் வழக்கம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. போட்டு முடித்து இடுப்பை நிமிர்த்தியபோதுதான் அவர் அதைக் கண்டார். அவருடைய மகள் ஓடிப் பழகும் நூறு மீட்டர் ஓட்டப்பாதை, தலைமுதல் வால்வரை, அந்தக் கட்டத்தின் வயிற்றுக்குள் அடங்கிக் கிடந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, மாநில அணிக்கு ஆளெடுக்கும் ஓட்டம் அதே பாதையில்தான் நடக்கவிருந்தது. பாதை சரியில்லை என்றால் போட்டியை அடுத்த ஊருக்கு மாற்றிவிடுவதாக விளையாட்டு அதிகாரி சொல்லியிருந்தார். அன்றே பத்து மணிக்கு அவளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. இங்கே ஓடினால் முகம் கழுவிக்கொண்டு தேர்வுக்குப் போகலாம். அடுத்த ஊரில் ஓடினால், ஓட்டம் இருக்கும், தேர்வு இராது. மூன்று ஆண்டுகளாக விடியுமுன் எழுந்து ஓடிய பெண்.

"என்ன கூடம்னு போட்டிருக்கு?" என்று பல் மருத்துவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நூத்திருபது நீளம், பன்னிரண்டு அகலம்... இது துப்பாக்கி சுடற கூடம்தான். சந்தேகமே இல்ல."

"சுடறதா!" என்று வரிசையிலிருந்த அம்மாள் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் சுவர் வைக்கறாங்க. பயப்படாதீங்க. கோட்டுக்காரரே, மொதல்ல கதவைப் போடுங்க. நாங்க இன்னும் நாலு சுத்து நடக்கணும்."

பதினெட்டுப் பேரோடு வாதாடுவதைவிட மூன்றடி கோட்டை அழிப்பது எளிது. கோட்டுக்காரர் துடைப்பத்தால் இந்தப் பக்கம் மூன்றடியும் அந்தப் பக்கம் மூன்றடியும் துடைத்துவிட்டார். பல் மருத்துவர் தலையைச் சற்றே தாழ்த்தி உள்ளே நுழைந்தார். உயரமானவர், நிலைப்படி இடித்துவிடும் என்று எண்ணினார் போலும்.

அவ்வளவுதான்; கட்டடம் கட்டடமாகிவிட்டது. மாலைக்குள், எதிரெதிர் வருவோர் வாயிலில் நின்று "நீங்க மொதல்ல வாங்க", "இல்லல்ல, நீங்க வாங்க" என்று உபசாரம் செய்துகொண்டனர். ஒருவர் மற்றவரை, "சேறாக் கெடக்குது, காலைத் தொடைச்சுட்டு உள்ள வரக்கூடாதா?" என்று கடிந்துகொண்டார். இருட்டும் வேளையில் மகள் வழக்கம்போலப் பாதையில் ஓடியபோது பல் மருத்துவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பாப்பா! கட்டடத்துக்குள்ள ஓடக்கூடாது!"

"மன்னிச்சுக்கோங்க அங்கிள்," என்றாள் மகள், மூச்சு வாங்கிக்கொண்டே. "லைட் போடாம இருந்திச்சா, தெரியல."

மறுநாள் கால்பந்துப் பயிற்சியாளர் வந்தார். வாயில் ஊதல் எந்நேரமும் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆதலின் அவர் பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் சிறு கீச்சொலியோடு முடியும்.

"ஏண்ணே, யாரைக் கேட்டுக் கதவு வெச்சீங்க?"

"டாக்டர் கேட்டாரு தம்பி. நடக்க வழியில்லன்னாரு."

"கதவு வெச்சா என்ன அர்த்தம்? கட்டடத்த நாம ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். நாளைக்கு நகராட்சிக்காரங்க வந்து, 'போக வர இருந்தீங்களே, அப்ப இனிச்சுதா'ன்னு கேப்பாங்க. மூடுங்க கதவை!"

கோட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவுகளை அடைத்தார். உள்ளே அப்போது மூன்று பேர் நடந்துகொண்டிருந்தனர். கோடு காய்ந்து, வெளியிலிருந்தவர்கள் மறுபடியும் கதவு போடவைக்கும்வரை, முக்கால் மணி நேரம் அவர்கள் உள்ளேயே நின்றனர். அவர்களுள் ஒருவர் வங்கி மேலாளர். அன்று வங்கி தாமதமாகத் திறந்தது.

இச்செய்தி ஊரெங்கும் பரவுமுன் மாலை ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில், பயிற்சியாளரின் பையன்களுள் ஒருவன் மூலையிலிருந்து உதைத்த பந்து, கட்டத்தின் மேலாக வளைந்து சென்று வலைக்குள் விழுந்தது. பையன்கள் துள்ளினர். எதிரணியின் காவலன் மட்டும் அமைதியாக நின்றான்.

"இது கோல் இல்ல," என்றான்.

"ஏண்டா இல்ல?"

"சுவர்ல பட்டுத் திரும்பியிருக்கும்."

"எந்தச் சுவருடா?"

"இதோ இருக்குதே. பந்து அது வழியாத்தானே வந்துச்சு?"

பயிற்சியாளரின் வாயிலிருந்து ஊதல் விழுந்தது. இரண்டு அணியாரும் கோட்டருகே கூடிவிட்டனர். பந்து எவ்வளவு உயரத்தில் வந்தது என்பதைக் காட்ட ஒருவன் மற்றொருவன் தோள்மீது ஏறி நின்று கையை உயர்த்தினான். எட்டரை அடி என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டன. அப்புறம் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலக் கோட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தனர்.

"சுவர் எத்தனை அடிண்ணே?"

"தாள்ல உயரம் போடலையேப்பா..."

"உத்தேசமாச் சொல்லுங்க."

உத்தேசம் என்ற சொல்லே கோட்டுக்காரருக்கு ஆகாது. அளவு தெரியாத கோட்டைப் போடுவதும், கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பதும் அவருக்கு ஒன்று. எனினும் இருபத்திரண்டு பேர் சூழ்ந்து நின்றால் எவனுக்கும் வாய் திறந்துவிடும். "ஒம்பதடி இருக்கும்," என்றார்.

கோல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பயிற்சியாளரின் அணி தோற்றது.

"எட்டடின்னு சொல்லியிருந்தா என்னண்ணே கொறைஞ்சு போயிருப்பீங்க?" என்று அவர் விழுந்த ஊதலை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கட்டாத சுவரு. அதையும் நமக்கு எதிரா ஒசத்தி வெச்சீங்களே!"

அவர் மனத்தை ஆற்றுவதற்காகக் கோட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். கட்டத்தை அப்படியே பதினைந்து மீட்டர் தள்ளி, மதில் பக்கமாக மறுநாள் காலையில் போட்டுக் காட்டினார். கால்பந்துக்கு வழி விட்டது. மகளின் ஓட்டப்பாதையும் வெளியே வந்துவிட்டது. அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனால் வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையாக, மதில் பக்கம் முழுவதும் நடைபாதை. இப்போது நடைப்பயிற்சிச் சங்கத்தார் ஒரு கோடிமுதல் மறு கோடிவரை கட்டடத்துக்குள்ளேயே நடக்க வேண்டியதாயிற்று.

"காத்து வாங்க வந்த எடத்துல, நூத்திருபது மீட்டர் வராந்தாவுல நடக்கவா?" என்று பல் மருத்துவர் சீறினார். "மூச்சு முட்டுது! ஜன்னலாவது வெச்சிருக்கீங்களா?"

"அந்தப் பக்கம் ரெண்டு வெக்கட்டுமா டாக்டர்?"

"ரெண்டு எந்த மூலைக்கு? எட்டு வைங்க."

எட்டாவது சன்னலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. சிறுமழை அன்று, வானம் பொத்துக்கொண்டாற்போலப் பொழிந்தது. மைதானத்தில் இருந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி ஓடினர். எங்கே ஓடினர் என்று நினைக்கிறீர்கள்? பல் மருத்துவர் முதலாக, அத்தனை பேரும் கட்டடத்துக்குள் ஓடி, நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றனர். கால்பந்துப் பையன்களும் வந்து கதவைத் தட்டினர், அதாவது, கோட்டுக்கு வெளியே நின்று "கதவைத் தொறங்க!" என்று கூவினர். "இது நடக்கறவங்க கட்டடம், ஒங்களுக்கு எடம் இல்ல" என்று உள்ளிருந்து பதில் வந்தது. மழை பதினைந்து நிமிடம் நின்று பெய்தது. உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே அளவுக்கு நனைந்தனர்.

பல் மருத்துவர் சட்டையைப் பிழிந்துகொண்டே கோட்டுக்காரரிடம் வந்தார்.

"இதுக்குப் பேரு கட்டடமா? முப்பது பேரு உள்ள இருந்தோம். ஒருத்தர் தலைகூடக் காயல. கூரையெல்லாம் ஒழுக்கு!"

"டாக்டர், கூரையே இன்னும்..."

"இன்னும் போடலையா? போடாமயா கதவைத் தொறந்து விட்டீங்க?"

கோட்டுக்காரர் அன்று வீட்டுக்குப் போனபோது அவருக்கும் மத்தளத்துக்கும் வேற்றுமை இல்லை, இருபக்கமும் இடி. மழை அவர் போட்ட கோடுகளையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. சனிக்கிழமைக்கு மூன்று நாள்கூட இல்லை.

அவருடைய மனைவி தையற்காரி. முன்னறையில், ஊசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு, யாரோ ஒரு தடித்த மனிதருடைய மேல்கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கணவர் கூறியவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினாள்.

"ஏங்க, நகத்துனாத்தானே சண்டை?"

"ஆமா. இப்படி நகத்துனா அவரு கத்துறாரு. அப்படி நகத்துனா இவரு கத்துறாரு. பழைய எடத்துலயே விட்டா நம்ம பொண்ணு பாதை போகுது."

"அப்ப நகத்தாதீங்க. பிடிச்சுத் தைங்க."

"என்னது?"

"இந்தக் கோட்டு இருக்குல்ல? இதுக்காரரு எளைச்சுட்டாரு. ஆனா எளைச்சுட்டேன்னு ஒத்துக்க மாட்டேங்கறாரு. நான் ரெண்டு பக்கமும் ஒரு விரல் உள்ள பிடிச்சிருவேன். போட்டுப் பாத்துட்டு, 'இப்பத்தான் ஒடம்புல ஒக்காருது'ம்பாரு. அடுத்த வாரம் இன்னொரு விரல். நீங்களும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள பிடிச்சுக்கிட்டே வாங்க. யாரு கேக்கப் போறாங்க?"

கோட்டுக்காரர் மனைவியை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வியாழன் விடியலில் கட்டத்தைப் பழைய இடத்திலேயே போட்டார். ஆனால் நீளத்தில் பத்து மீட்டரும் அகலத்தில் இரண்டு மீட்டரும் பிடித்துவிட்டார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. "இன்னிக்கு என்னமோ காத்து நல்லா வருது," என்றார் பல் மருத்துவர். "இன்னிக்குப் பந்து நல்லா உருளுது," என்றார் பயிற்சியாளர். கோட்டுக்காரருக்கு நெஞ்சில் பால் வார்த்தாற்போல இருந்தது.

பாலில் உப்புக்கல் விழ வெகுநேரம் ஆகவில்லை. வங்கி மேலாளர், கணக்குப் பார்த்தே பழகியவர், எட்டு வைத்து அளந்துவிட்டார். கால்பந்துப் பக்கம் ஒரு முழம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது என்று சங்கத்தில் போய்ச் சொன்னார். பல் மருத்துவர் பாய்ந்து வந்தார்.

"அந்தப் பக்கம் கொறைச்சிருக்கீங்க!"

"ரெண்டு பக்கமும்தான் கொறைச்சேன் டாக்டர்."

"அவங்களுக்கு ஒரு முழம் அதிகம். எங்களுக்கு ரெண்டு முழம் கொறைங்க!"

குறைத்தார். பயிற்சியாளர் ஊதினார். "அப்ப எங்களுக்கு நாலு முழம்!"

குறைத்தார். அதன்பின் நடந்ததை ஏலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏலத்தில் விலை ஏறும். இங்கே கட்டடம் இறங்கியது. பல் மருத்துவர் ஒரு கோடியில் நின்று, "இன்னும் அஞ்சு மீட்டர்!" என்பார், பயிற்சியாளர் மறு கோடியில் நின்று, "பத்து!" என்பார். கோட்டுக்காரர் ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் வண்டியுமாக நடுவில் ஓடினார். கூடியிருந்தோர் ஒவ்வொரு மீட்டருக்கும் கை தட்டினர். வியாழன் மாலை கட்டடம் பேருந்தளவு இருந்தது. வெள்ளி நண்பகலில் கட்டிலளவு ஆயிற்று. வெள்ளி மாலை, தண்ணீர்க் குழாயடிக்குப் பக்கத்து மூலையில் ஒதுங்கி, நாலடிக்கு நாலடியாக, அடங்கிய பிள்ளைபோல உட்கார்ந்துகொண்டது.

மைதானம் முழுவதும் பச்சைப் பசேலென்று திறந்து கிடந்தது. மகளின் ஓட்டப்பாதை, ஒரு தடையுமின்றி, நூல் பிடித்தாற்போல நீண்டது.

"கதவு?" என்றார் பல் மருத்துவர், பழக்க தோஷத்தில்.

நாலடிக் கட்டடத்தில் மூன்றடிக் கதவு வைத்தார் கோட்டுக்காரர்.

கையெழுத்துக்கு ஆட்கள் முண்டியடித்தனர். மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசாத பல் மருத்துவரும் பயிற்சியாளரும், ஒருவர் முதுகில் மற்றவர் தாளை வைத்துக் கையெழுத்திட்டனர். வங்கி மேலாளர் இரண்டு முறை எண்ணி, இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து வேண்டும், இருநூற்றுப் பதின்மூன்று இருக்கிறது என்றார். விடுபட்டவர் யார் என்று பார்த்தால், கோட்டுக்காரரின் மகள்.

அவள் குழாயடியில் நின்று, அந்தச் சிறு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போடும்மா."

"அப்பா, நாலடியில என்ன வெளையாட்டுக் கூடம் வரும்? ஒத்தக் கால்ல நிக்கற போட்டியா?"

"அது அவங்க கவலை. ஒன் பாதை ஒனக்கு."

"எனக்கு என்னமோ சரியாப் படலப்பா. ஒரு வார்த்தை அந்த எஞ்சினியர் மேடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு..."

"கேட்டா மறுபடியும் பெருசாக்கச் சொல்லுவாங்க! இந்த அஞ்சு நாளா நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாது. கதவு வெச்சேன், ஜன்னல் வெச்சேன், இல்லாத கூரைக்கு ஏச்சு வாங்கினேன். எல்லாம் யாருக்காக? நீ ஓடறத நான் என் கோட்டுல பாக்கணும். போடு கண்ணு."

தந்தையின் கைகள் முழங்கைவரை சுண்ணாம்பில் வெடித்திருப்பதை அவள் பார்த்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள்.

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பொறியாளர் அம்மையார் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருடன் அளவு நாடா பிடிக்கும் ஊழியர் ஒருவர். நடு வயதினர், வெயிலுக்குத் தொப்பி அணிந்தவர், வாய் திறவாதவர். அம்மையார் மைதானத்தின் நடுவே நின்று நாற்புறமும் பார்த்தார்.

"கட்டத்த எங்க காணோம்?"

"அங்க மேடம்," என்று இருநூற்றுப் பதினான்கு விரல்கள் குழாயடியைக் காட்டின.

அவர் நடந்து சென்று பார்த்தார். நாடாக்காரர் குனிந்து அளந்தார். "நாலுக்கு நாலு" என்று மெல்லச் சொன்னார். அம்மையார் மனுவைப் படித்தார், கையெழுத்துகளைப் புரட்டினார், மீண்டும் கட்டத்தைப் பார்த்தார்.

"நிஜமாவே இவ்வளவு போதுமா?"

"தாராளம்!" என்றார் பயிற்சியாளர்.

"இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாதியாவது வெச்சுக்கலாமே? ஒரு அறுபது மீட்டர்?"

"ஒரு அடி கூட்டினாலும் நாங்க மறியல்ல ஒக்காருவோம்," என்றார் பல் மருத்துவர். "இது எங்க ஒருமனதான தீர்மானம்."

"எல்லாருமே சம்மதிச்சீங்களா? நடக்கறவங்க, வெளையாடறவங்க, எல்லாரும்?"

"சம்மதம்!" என்ற முழக்கத்தில் மதில்மேல் இருந்த காக்கைகள் பறந்தன.

அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்கள் பனித்திருந்தன.

"பதினஞ்சு வருஷமா இந்த வேலையில இருக்கேன். போற எடத்துலயெல்லாம் ஜீப்புமேல கல்லுதான் விழும். இப்படி ஒரு பெருந்தன்மையான ஜனத்த நான் பாத்ததே இல்ல," என்றார். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் மனுவின்மேல் கையெழுத்திட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். "இனிமே இத ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. திங்கக்கெழமை காலையில ஆறு மணிக்கு வேலை ஆரம்பம்."

ஜீப் போயிற்று. பையன்கள் கோட்டுக்காரரை வண்டியோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினர். பல் மருத்துவர் பயிற்சியாளரைக் கட்டித் தழுவி, பல் பார்க்க ஒருமுறை தம்மிடம் வந்து போகுமாறு அழைத்தார். யாரோ ஒருவர், இனிமேல் ஆண்டுதோறும் இந்த நாளை மைதானத்தின் விடுதலை நாளாகக் கொண்டாட வேண்டும் என்றார். அதற்கும் ஒருமனதாகக் கை தூக்கினர்.

கூட்டம் கலைந்தபின் கோட்டுக்காரர் வண்டியின் பெட்டியில் புதுச் சுண்ணாம்பு நிரப்பினார். முளைகளை அடித்தார், கயிற்றை இழுத்துக் கட்டினார். புதன்கிழமைக்கான எட்டுத் தடங்களுள் முதல் தடத்தை, தொடக்கக் கோட்டிலிருந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கத் தொடங்கினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் கை இவ்வளவு நேராகப் போனதில்லை. மகள் முடிவுக் கோட்டில் நின்று, "எடது பக்கம் ஒரு மயிரிழை, அப்பா!" என்று கேலி செய்தாள்.

எல்லை அளவுகளைக் குறித்துக்கொள்வதற்காகப் பின்தங்கிய நாடாக்காரர், நாடாவைச் சுற்றிக்கொண்டே அப்பக்கம் வந்தார். சற்று நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னண்ணே, இங்க கோடு போடறீங்க?"

"புதன்கெழமை ஓட்டம் இருக்குதே. என் பொண்ணு ஓடறா."

"எங்க?"

"இங்கதான். இந்த நூறு மீட்டர்லதான்," என்றார் கோட்டுக்காரர், தலை நிமிராமலே, பெருமை வழிய.

நாடாக்காரர் மகளைப் பார்த்தார். குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் தொப்பியை மெதுவாகக் கழற்றினார்.

"ஓட்டத்துக்குன்னுதானேண்ணே அந்த நூத்திருபது மீட்டர மட்டும் மைதானமா விட்டுட்டு, மத்த எடம் பூராவும் கட்டடம்னு போட்டிருந்தோம்; நீங்கதானே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி, நாலடி மைதானம் போதும்னு எழுதிக் குடுத்தீங்க?"